வெளியூரிலிருந்து வீட்டுக் கணினிக்குள் நுழைந்தால் திரை சுருங்குகிறது, சில வேளைகளில் கறுத்தும் போகிறது

கேள்வி: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் வீட்டு முன்கட்டில் அப்பா திருமண அழைப்பிதழ்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்து கொடுக்கிறார். நான் புனேயில் வேலை பார்க்கிறேன். வடிவமைப்பு மென்பொருளும், பல ஆண்டுகளாகச் சேர்ந்த பழைய தமிழ் எழுத்துருக்களும், முந்தைய பத்திரிகைக் கோப்புகளும் வீட்டுக் கணினியில்தான் இருக்கின்றன. அதனால் இரவு பத்து மணிக்கு மேல் நான் இங்கிருந்து அதற்குள் நுழைந்து மெய்ப்புத் திருத்தி வைப்பேன். அப்பா காலையில் அதை அச்சகத்துக்கு அனுப்புவார்.

வீட்டுக் கணினியில் விண்டோஸ் 11 ப்ரோ இருக்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டிலிருந்து டிஸ்பிளேபோர்ட் கேபிள் வழியாக 1920×1080 அளவுள்ள மானிட்டர் ஒன்று இணைக்கப்பட்டுள்ளது. என்னுடைய மடிக்கணினியின் திரை 2560×1600. அதில் அளவை 150 விழுக்காடு என்று வைத்திருக்கிறேன்.

முதலில், வீட்டுத் திரையை அப்படியே காட்டும் திரைப் பகிர்வுச் செயலி ஒன்றைப் பயன்படுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் நுழைந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இரவில் நுழைந்தால் 1024×768 அளவுக்குத் திரை சுருங்கி, மென்பொருளின் கருவிப்பட்டைகள் பாதி வெட்டுப்பட்டு நிற்கின்றன. சில இரவுகளில் கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் ஓடுகிறது. செயலியை நீக்கி மறுபடி நிறுவினேன். கிராபிக்ஸ் டிரைவரையும் புதுப்பித்தேன். மாற்றம் ஏதும் இல்லை.

பிறகு, விண்டோஸிலேயே உள்ள ரிமோட் டெஸ்க்டாப்புக்கு மாறினேன். வீட்டு ரவுட்டரில் எந்த வாயிலையும் திறக்காமல், வயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்தின் ஊடே போகும் மறைகுறியாக்கிய தனிப் பாதை) வழியாகத்தான் இணைகிறேன். திரையளவுச் சிக்கல் இதில் இல்லை. ஆனால் வேறு மூன்று தொல்லைகள் வந்து சேர்ந்தன. அறையிலுள்ள வைஃபையில் இணைப்பு நன்றாக இருக்க, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைந்தால் கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்ட பின் திரை கறுப்பாகவே நின்று, சிறிது நேரத்தில் இணைப்பு அறுந்துவிடுகிறது. தமிழ் எழுத்துகள் ஓரம் சிதைந்து தெரிவதால் ணகரத்தையும் னகரத்தையும் பிரித்தறிய முடியவில்லை. மெய்ப்புப் பார்ப்பவனுக்கு இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது. காலையில் அப்பா கணினி முன் உட்கார்ந்தால் கடவுச்சொல் கேட்கிறது; அதை இட்டு உள்ளே போனால் சன்னல்கள் இடம் மாறி அளவு குலைந்து கிடக்கின்றன. தினமும் எட்டு மணிக்கு எனக்குத் தொலைபேசி வந்துவிடுகிறது.

இவை எல்லாம் ஒரே கோளாறா, தனித்தனியா என்பதே எனக்குப் புரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: பழையமவுஸ்

நண்பருக்கு வணக்கம். இவை தனித்தனிக் கோளாறுகள். ஆனால் எதில் கை வைப்பதற்கு முன்பும், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது யாருடைய திரை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

எனிடெஸ்க், டீம்வியூவர், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்றவை வீட்டில் கிராபிக்ஸ் கார்டு மானிட்டருக்காக வரையும் படத்தைப் பிடித்து உங்களுக்கு அனுப்புகின்றன. அங்கே மானிட்டர் இல்லையென்று கார்டு நினைத்துவிட்டால், வரைவதற்கு அதற்கு முறையான அளவு கிடைக்காது; சிறிய பொது அளவுக்கு இறங்கிவிடும், அல்லது ஒன்றும் வரையாமல் விட்டுவிடும். ரிமோட் டெஸ்க்டாப் அப்படியன்று. அது உங்களுக்கென்று ஒரு மெய்நிகர்த் திரையை உருவாக்கி, உங்கள் மடிக்கணினி கேட்கும் அளவிலேயே வரைகிறது. வீட்டு மானிட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு கேள்வி. பகலில் சரியாக இருப்பது இரவில் கெடுகிறது என்றால், இரவில் அந்த மானிட்டருக்கு என்ன நடக்கிறது? அப்பா கடை கட்டும்போது சுவரிலுள்ள ஸ்விட்சை அணைத்துவிடுகிறாரா?

மானிட்டர் தன் பெயர், தன் அளவுகள் முதலியவற்றை ஒரு சிறு குறிப்பாகக் கார்டுக்குச் சொல்கிறது. இதை இடிஐடி என்பார்கள். ஹெச்டிஎம்ஐ கேபிளில் கார்டின் பக்கத்திலிருந்தே 5 வோல்ட் மின்சாரம் மானிட்டருக்குப் போகிறது. அதனால் பல மானிட்டர்களில் சுவர் ஸ்விட்சை அணைத்திருந்தாலும் அந்தக் குறிப்பைக் கார்டால் படிக்க முடியும். டிஸ்பிளேபோர்ட்டில் அந்தப் பேச்சு நடக்க மானிட்டரே விழித்திருக்க வேண்டும். மின்சாரம் போனால், கேபிளையே பிடுங்கிவிட்டதாகத்தான் விண்டோஸ் எண்ணிக்கொள்ளும்.

காவிரிக்கரை

ஐயா, தாங்கள் கேட்டதும் அப்பாவிடம் பேசினேன். "மின்சாரம் வீணாகக் கூடாது என்று டிவி பெட்டியின் ஸ்விட்சை ஒன்பதரைக்கே அணைத்துவிடுவேன், கீழே இருக்கும் பெட்டியை மட்டும் நீ சொன்னபடி விட்டுவைப்பேன்" என்றார். மானிட்டரைத்தான் டிவி பெட்டி என்கிறார். இரண்டு மாதமாக நான் டிரைவரை மாற்றிக்கொண்டிருந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அணைக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். நாற்பது ஆண்டுப் பழக்கம் மாறும் என்று தோன்றவில்லை.

பதில் 2: இரவுப்பணி

அப்பாவை மாற்றுவதைவிட ஒரு டம்மி பிளக்கை வாங்கி மாட்டுவது எளிது. கட்டைவிரல் அளவுக்கு ஹெச்டிஎம்ஐ வாயில் செருகும் சிறு பொருள்; உள்ளே அந்த இடிஐடி குறிப்பு மட்டும் எழுதிய சில்லு இருக்கும். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கிறது. கார்டில் காலியாக உள்ள வாயில் மாட்டிவிட்டால் ஒரு மானிட்டர் எப்போதும் இணைந்திருப்பதாக விண்டோஸ் நம்பிக்கொண்டிருக்கும்.

ஆனால் மாட்டிய அன்றைக்கு நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் அதை இரண்டாவது திரையாக எடுத்துக்கொண்டு, மேசைத்தளத்தை இரண்டிலும் விரித்துவிட்டது. மவுஸை வலது ஓரத்துக்கு நகர்த்தினால் அம்பு மாயமாக மறைந்துவிடும். சில சன்னல்கள் கண்ணுக்குத் தெரியாத அந்தத் திரையிலேயே போய்த் திறந்துகொள்ளும். பகலில் கணினி முன் உட்காரும் உங்கள் அப்பாவுக்கு இது பேய் பிடித்தது போல இருக்கும். எனவே மாட்டிய உடனே விண்டோஸ் விசையுடன் பி விசையை அழுத்தி, இரு திரையிலும் ஒரே படம் வரும்படியான தேர்வைக் கொடுத்துவிடுங்கள். தெளிவுத்திறன் 1920×1080 என்றே இருக்கட்டும். ஏற்கெனவே மறைந்துபோன சன்னல் இருந்தால், பணிப்பட்டையில் அதைச் சொடுக்கிவிட்டு விண்டோஸ், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்தபடி இடது அம்பு விசையைத் தட்டினால் கண்முன் வந்துவிடும்.

பழையமவுஸ்

டம்மி பிளக் நல்ல வழிதான். ஆயினும் காசு செலவழிக்கும் முன், மானிட்டர் வந்த அட்டைப் பெட்டியில் ஹெச்டிஎம்ஐ கேபிள் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்பிளேபோர்ட்டைக் கழற்றிவிட்டு அதை மாட்டி, ஓர் இரவு சுவர் ஸ்விட்சை அணைத்துச் சோதியுங்கள். எல்லா மானிட்டரும் இதற்கு ஒத்துழைக்காது. ஒத்துழைத்தால் செலவே இல்லை.

பதில் 3: மூன்றுசுழி

நானும் தமிழ் மெய்ப்புப் பார்ப்பவள் என்பதால் எழுத்துச் சிதைவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புச் சன்னலில் விருப்பங்களை விரித்தால் அனுபவம் என்ற தாவல் வரும். இணைப்பின் வேகத்தை அங்கே தேர்ந்தெடுக்கலாம். தரவு மிச்சமாகட்டும் என்று நீங்கள் எப்போதோ மோடம் வேகத்தைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள் என்பது என் ஊகம். அப்படிச் செய்தால் பின்னணிப் படம், அசைவுகள் ஆகியவற்றோடு எழுத்துகளின் ஓரத்தை மென்மையாக்கும் வசதியும் சேர்ந்து அணைந்துவிடும். ஆங்கில எழுத்துக்கு அதனால் பெரிய கேடு இல்லை. கோடும் வளைவுமாக எப்படியோ படித்துவிடலாம். தமிழில் சிறிய அளவில் ணகரத்தின் மூன்று சுழியும் னகரத்தின் இரண்டு சுழியும் ஒரே கறையாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி அடுத்த கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். மணமகன் பெயரில் ஒரு சுழி கூடினால் அழைப்பிதழ்க்காரர் என்ன பாடு படுவார் என்று உங்களுக்குத் தெரியாததன்று. வேகத் தேர்வைத் தானாகக் கண்டறியும்படி விட்டுவிடுங்கள், அல்லது அதே தாவலில் எழுத்துரு மென்மையாக்கத்துக்கான கட்டத்தை மட்டும் மறுபடி குறியிடுங்கள். படத்துக்காகும் தரவோடு ஒப்பிட்டால் இதனால் கூடுவது ஒன்றுமேயில்லை.

இரண்டாவதாக, திரையளவைப் பொருத்தும் வசதியைப் பாருங்கள். இணைப்புச் சன்னலின் தலைப்புப் பட்டையில் வலச் சொடுக்கு செய்தால் வரும் பட்டியலில் அந்தத் தேர்வு இருக்கும். அதை இயக்கினால், வந்து சேர்ந்த படத்தை உங்கள் மடிக்கணினி இழுத்தோ சுருக்கியோ சன்னலுக்குள் பொருத்தும். இழுத்துப் பெரிதாக்கிய எழுத்து எந்த மென்மையாக்கம் இருந்தாலும் மங்கும். மெய்ப்புப் பார்க்கும் வேளையில் அதை அணைத்துவைப்பதே என் வழக்கம்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் இன்னொன்று. திரைப் பகிர்வுச் செயலிக்கே திரும்புவதாக இருந்தால், மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து வரும் பத்திரிகைகளை அதில் திருத்தாதீர்கள். அவற்றுள் பல, திரையைக் காணொளி போலக் குறுக்கி அனுப்புகின்றன. அந்த முறையில் வெளிச்சத்துக்கான விவரம் முழுதாகப் போகும். நிறத்துக்கான விவரமோ பெரும்பாலும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் போகும். கறுப்பு எழுத்து கூர்மையாகவே இருக்க, சிவப்பு எழுத்து மட்டும் ஈரத்தாளில் மை ஊறியது போல் கசிந்து தெரிவது அதனால்தான். கோப்பில் ஒரு கோளாறும் இருக்காது. ரிமோட் டெஸ்க்டாப் எழுத்துப் பகுதிகளைத் தனியாகக் கையாளுவதால் அதில் இந்தக் கசிவு வழக்கமாக வருவதில்லை.

பதில் 4: பாதைதேடி

ஹாட்ஸ்பாட்டில் மட்டும் கறுப்புத் திரை என்பது திரைக் கோளாறு அன்று, பாதைக் கோளாறு என்று நினைக்கிறேன். கடவுச்சொல் கேட்கும் கட்டத்தில் போய்வருபவை பெரும்பாலும் சிறிய பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள். உள்ளே நுழைந்ததும் முழுத் திரைப் படமும் பெரிய பெரிய பாக்கெட்டுகளாக வரத் தொடங்கும். வழியில் எங்கேனும் பெரிய பாக்கெட்டை மட்டும் விழுங்கும் இடம் இருந்தால், கடவுச்சொல் ஏற்கப்பட்டு, திரை கறுப்பாகவே நிற்கும்.

சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். வயர்கார்டு தன் உறையைச் சுற்ற இடம் வேண்டும் என்பதால் உள்ளே 1420 பைட்டோடு நிறுத்திக்கொள்கிறது. வெளிப்பாதை 1500ஐத் தாங்கும் என்ற நம்பிக்கையில் போடப்பட்ட கணக்கு இது. கைப்பேசி வலைப்பின்னல்களில் பாதை அதைவிடக் குறுகலாக இருப்பது உண்டு.

சோதிப்பது எளிது. ஹாட்ஸ்பாட்டில் இருந்துகொண்டு, விபிஎன்னை இயக்கி, கட்டளைச் சன்னலில் வீட்டுக் கணினியின் விபிஎன் முகவரிக்குப் பிங் (மறுமுனையிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அனுப்புங்கள். உடைக்காதே என்று சொல்லும் எஃப் தெரிவும், அளவைச் சொல்லும் எல் தெரிவும் சேர்த்து முதலில் 1392 கொடுங்கள். தலைப்புப் பகுதிகளுக்கான 28 பைட் சேர்ந்தால் அது 1420 ஆகும். பதில் வராவிட்டால் ஐம்பது ஐம்பதாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 1392க்கும் பதில் வந்துவிட்டால் என் ஊகம் தவறு. அப்போது வேறு இடத்தில் தேட வேண்டும். குறைத்த பிறகுதான் பதில் வருகிறது என்றால், வயர்கார்டு அமைப்புக் கோப்பின் இன்டர்ஃபேஸ் பகுதியில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) என்பதை 1280 என்று இரு முனையிலும் எழுதிவிடுங்கள். வீட்டிலிருந்துதான் படம் வருகிறது என்பதால் வீட்டு முனையை மறந்துவிடக் கூடாது. வேகத்தில் சிறிது குறையலாம். மெய்ப்பு வேலைக்கு அது தெரியவே தெரியாது.

இதற்குப் பின்னும் கறுத்தால், ரிமோட் டெஸ்க்டாப் யுடிபி (தரவை அனுப்பும் முறைகளுள் ஒன்று) வழியைப் பயன்படுத்தாதபடி விண்டோஸின் குழுக் கொள்கை அமைப்பில் அணைத்துப் பார்க்கலாம். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றாதீர்கள். எது மருந்தாயிற்று என்று தெரியாமல் போகும்.

இரவுப்பணி

காலையில் அப்பாவிடம் கடவுச்சொல் கேட்பதற்கு ஒரு தீர்வு உண்டு. வேலை முடிந்ததும் இணைப்பை வெறுமனே துண்டிக்காமல், நிர்வாகி உரிமையுடன் டிஎஸ்கான் கட்டளையைக் கொடுத்து உங்கள் அமர்வை (உள்நுழைந்து திறந்து வைத்திருக்கும் வேலை நிலையை) வீட்டுத் திரைக்கே திருப்பி அனுப்பிவிடலாம். பூட்டுத் திரை வராது. அப்பா நேராக வேலையைத் தொடங்கலாம்.

பழையமவுஸ்

இதை நான் ஏற்கவில்லை. அந்தக் கட்டளையைக் கொடுத்த நொடியிலிருந்து காலை வரை வீட்டுக் கணினி பூட்டில்லாமல் திறந்து கிடக்கும். முன்கட்டில், வாடிக்கையாளர் வந்து உட்காரும் இடத்தில் இருக்கும் கணினிக்கு இது ஆகாது.

காவிரிக்கரை அவர்களின் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அப்பாவும் மகனும் ஒரே பயனர் கணக்கில் நுழைகிறார்கள். மகன் ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்தால் அப்பாவின் அமர்வே புனேக்குப் போய்விடுகிறது. வீட்டுத் திரை பூட்டப்படுகிறது. 2560×1600 அளவுக்கு விரிந்த சன்னல்கள் காலையில் 1920×1080க்குள் திரும்ப வரும்போது இடித்துக்கொண்டு ஒதுங்குகின்றன. இணைப்புச் சன்னலின் காட்சித் தாவலில் முழுத்திரை என்பதற்குப் பதிலாக 1920×1080 என்று வைத்தால் சன்னல்களின் குழப்பம் பெரும்பாலும் அடங்கும். அந்தச் சன்னல் உங்கள் திரையில் கொஞ்சம் சிறிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

நான் செய்வது இன்னும் எளியது: உங்களுக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் நுழையும்போது அப்பாவின் அமர்வு பின்னால் அப்படியே உறங்கும். காலையில் அவர் வைத்த சன்னல் வைத்த இடத்தில் இருக்கும். கடவுச்சொல் கேட்கத்தான் செய்யும், ஆனால் அவருடைய கணக்குக்கு நான்கு இலக்கப் பின் எண் வைத்துக் கொடுத்தால் அது ஒரு சுமையில்லை. இதில் இரண்டு கவனம் வேண்டும். விண்டோஸ் 11 ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும் என்பதால் அவர் இருக்கும்போது நீங்கள் நுழைய முயலாதீர்கள். எழுத்துருக்களை அவர் கணக்கில் மட்டும் நிறுவியிருந்தால் உங்கள் கணக்கில் அழைப்பிதழ் முழுவதும் குறியும் கட்டமுமாகத் தெரியும். எழுத்துருக் கோப்பில் வலச் சொடுக்கு செய்து, எல்லாப் பயனர்களுக்கும் நிறுவும்படியான தேர்வைக் கொடுங்கள்.

இரவுப்பணி

முன்கட்டு என்பதை நான் கவனிக்கவில்லை. என் கணினி பூட்டிய அறைக்குள் இருப்பதால் எனக்கு அது சரியாகப்பட்டது. தனிக் கணக்கே நல்லது.

காவிரிக்கரை

அனைவருக்கும் நன்றி. ஐந்து நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஹெச்டிஎம்ஐ கேபிள் பரணில் மானிட்டர் அட்டைப் பெட்டிக்குள்ளேயே, கட்டுக்கம்பி பிரிக்காமல் இருந்தது. மாட்டிய அன்றிரவு அப்பா வழக்கம்போல் ஒன்பதரைக்கு ஸ்விட்சை அணைத்தார்; பத்து மணிக்குத் திரைப் பகிர்வுச் செயலியில் நுழைந்தால் 1920×1080 அப்படியே இருந்தது. ஐந்து இரவும் அப்படியே. டம்மி பிளக் வாங்கவில்லை.

பிங் சோதனையில் ஹாட்ஸ்பாட்டிலிருந்து 1392க்கும் 1342க்கும் பதில் இல்லை, 1292க்கு வந்தது. இரு முனையிலும் 1280 என்று எழுதிய பின் கறுப்புத் திரை ஒருமுறைகூட வரவில்லை. யுடிபியைத் தொடவில்லை.

எழுத்துச் சிதைவுக்குக் காரணம் மூன்றுசுழி அவர்கள் ஊகித்ததேதான். ஹாட்ஸ்பாட் தரவு தீராமல் இருக்கட்டும் என்று ஆறு மாதத்துக்கு முன் நானே மோடம் வேகத்தைத் தேர்ந்தெடுத்து மறந்துவிட்டேன். இப்போது சுழிகளை எண்ண முடிகிறது.

தனிக் கணக்கும் உருவாக்கியாயிற்று. புதுக் கணக்கில் வடிவமைப்பு மென்பொருளைத் திறந்தால் மட்டும் கருவிப்பட்டை எழுத்துகள் மிகப் பெரிதாக, சற்றே மங்கலாகத் தெரிகின்றன. மற்ற மென்பொருள்கள் சரியாக இருக்கின்றன. இதற்கும் ஏதேனும் அமைப்பு இருக்கிறதா?

மூன்றுசுழி

உங்கள் மடிக்கணினியின் 150 விழுக்காட்டை வீட்டுக் கணினி உள்நுழையும்போதே எடுத்துக்கொள்கிறது. பழைய மென்பொருள்களுக்கு அந்தக் கணக்கு புரியாததால், விண்டோஸே அவற்றின் படத்தை ஊதிப் பெரிதாக்குகிறது. மங்கல் அதனால் வருவது. மடிக்கணினியில் அளவை 100 விழுக்காடாக்கிவிட்டு, வீட்டுக் கணினியில் இணைப்பைத் துண்டிப்பதோடு நில்லாமல் கணக்கிலிருந்தே வெளியேறி, மறுபடி நுழைந்து பாருங்கள். எப்போதும் 100 வைத்துக்கொள்ள உங்கள் கண் ஒப்பாது என்றால், அந்த மென்பொருளின் குறுக்குவழியில் பண்புகளைத் திறந்து, பொருந்துதிறன் தாவலில் உயர் டிபிஐ அமைப்பை மாற்றும் இடத்தில், அளவிடும் வேலையைச் செயலியே செய்துகொள்ளட்டும் என்று கொடுங்கள். எழுத்து கூர்மையாகிவிடும், ஆனால் பொத்தான்கள் சிறுத்துவிடும். நான் பொத்தான்கள் சிறுத்தாலும் பரவாயில்லை என்று அப்படித்தான் வைத்திருக்கிறேன்.